கப்பலுக்குக் கட்டிய பச்சைச் சட்னி

கொத்தமல்லியை வீணாக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெயின்லேண்டில் காய் வாங்கினால் கடைக்காரர் ஒரு கட்டைக் கொசுறாகப் பைக்குள் திணிப்பார். வீட்டுக்குப் போனதும் அது ஃப்ரிட்ஜின் அடியில் கிடந்து கூழாகி, நாலாம் நாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குப்பைக்குப் போகும். எங்கள் போர்ட் பிளேரில் அந்தக் கொழுப்பெல்லாம் நடக்காது. இங்கே கொத்தமல்லி கடல் தாண்டி வருகிறது. சரக்கு வந்த அன்று மார்க்கெட் முழுக்கப் பச்சையாக இருக்கும். வானிலை கெட்டுச் சரக்கு நின்றுவிட்டால், காய்ந்த நாலு காம்பைக் காட்டி "இதான் இருக்கு, வேணுமா?" என்பார்கள்.

ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பர்மா தனியா தானாக முளைத்துக் கிடக்கிறது. நீள இலை, ஓரமெல்லாம் சின்னச் சின்ன முள். இங்கே எல்லோரும் மீன் குழம்பில் அதைத்தான் போடுகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஆகாது. "மூட்டப்பூச்சிய நசுக்குன மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவார். அவருக்கு மெயின்லேண்ட் கொத்தமல்லிதான் வேண்டும். இருபது வருடமாக இந்தத் தீவில் சம்பளம் வாங்குகிற மனிதருக்கு நாக்கு மட்டும் இன்னும் மதுரையில்தான் இருக்கிறது.

அதனால் நான் கற்றுக்கொண்டேன். வேர் உள்ள கட்டு என்றால் டம்ளரில் தண்ணீர் விட்டு நிறுத்தி, மேலே ஒரு கவரைக் கவிழ்த்து வைப்பேன். வேர் இல்லாததை ஈரம் போகத் துணியில் உருட்டி, காகிதத்தில் சுற்றி, டப்பாவில் அடைப்பேன். புதினாவை அரைத்து ஐஸ் டிரேயில் ஊற்றிக் கட்டியாக்கி வைப்பேன். பெரார்கஞ்சிலிருந்து ஒரு மாணவியின் அம்மா கொடுத்தனுப்பும் கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துப் பொடித்துவிடுவேன். காம்பைக்கூட எறிய மாட்டேன், ரசத்துக்கு ஆகும். நான் வேலை பார்க்கும் பள்ளியில் மற்ற டீச்சர்கள் என் ஃப்ரிட்ஜை மியூசியம் என்பார்கள். போன வருடம் செத்த கொத்தமல்லிக்கும் அங்கே இடம் உண்டாம். சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமைதான்.

கெட்டுப்போன பொருள் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்று அப்போது நான் உறுதியாக நம்பினேன். நிறம் மாறும், வழுவழுக்கும், நாறும், பூஞ்சை படியும். கண்ணும் மூக்கும் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இங்கே எழுதப்போவது எல்லாம் அந்த நம்பிக்கையில் செய்தது.

அந்த வருடம் மழை முடிகிற சமயத்தில் என் வீட்டுக்காரரின் வயிற்று வலி அதிகமானது. இங்கே பார்த்த டாக்டர், சென்னைக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதுவரை புளி கூடாது, எலுமிச்சை கூடாது, ஊறுகாயை மறந்துவிட வேண்டும், காரம் பேருக்கு, உப்பு பாதி. எனக்கு அரைப் பரீட்சை நேரம், லீவு கிடைக்காது. அவர் விமானத்தில் ஏறவே மாட்டார். தனியாகக் கப்பலில் போவதாக முடிவானது.

தீவுக்காரர்களுக்குக் கப்பல் என்றால் முதலில் சாப்பாடுதான் நினைவுக்கு வரும். மூன்று ராத்திரி கடலில் கழியும். கேன்டீன் பருப்பும் சோறும் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கப்பலுக்கென்று ஏதாவது கட்டிக் கொடுப்பார்கள். புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், தக்காளித் தொக்கு என்று எல்லாமே புளிப்பாகத்தான் இருக்கும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, அப்படித்தான் பழக்கம். இவருக்கோ புளிப்பு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறும் பருப்பையும் சோற்றையும் வைத்துக்கொண்டு மனுஷன் மூன்று நாள் என்ன செய்வார் என்று எனக்கு ஒரே கவலை.

டிக்கெட் எடுத்த வாரம் மார்க்கெட்டில் கொத்தமல்லி மலையாகக் குவிந்திருந்தது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தேன். போனில் ஒரு பெண் போட்ட வீடியோவைப் பார்த்திருந்தேன். பச்சை இலையை வதக்காமல் பூண்டோடு அரைத்து, பாட்டிலில் அமுக்கி, மேலே எண்ணெய் நிற்கும்படி ஊற்றி மூடினால் மாதக்கணக்கில் கெடாதாம். காற்று படுவதால்தான் எதுவும் கெடுகிறது, எண்ணெயில் மூழ்கினால் காற்று எங்கிருந்து வரும் என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமாகத்தான் தோன்றியது. ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னாளா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. சொல்லியிருப்பாள். எனக்கு வேண்டியதை மட்டும் நான் கேட்டுக்கொண்டேன்.

கொத்தமல்லி, கொஞ்சம் புதினா, நிறையப் பூண்டு, ஒரே ஒரு பச்சை மிளகாய், பாதி உப்பு. புளி இல்லை, எலுமிச்சை இல்லை. வதக்கினால் நிறம் செத்துவிடும் என்று அடுப்பில் வைக்கவே இல்லை. மூன்று சின்ன ஜாம் பாட்டில்களில் நிரப்பி, ஒரு இலைத் துணுக்குகூட மேலே தெரியாதபடி நல்லெண்ணெய் ஊற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு பச்சை. என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது.

ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் போனது. அங்கே ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஒன்றை அலமாரியில் வைத்தேன். மூன்றாவதை இரண்டு துண்டில் சுற்றி, உடையாமல் இருக்க அவருடைய பைக்குள் துணிகளுக்கு நடுவில் செருகினேன். மறுநாள் கப்பல்.

மறுநாள் கப்பல் புறப்படவில்லை. புயல் எச்சரிக்கை வந்துவிட்டது. செயிலிங் இரண்டு நாள் தள்ளிப்போனது, பிறகு இன்னும் மூன்று நாள், பிறகு அடுத்த அறிவிப்பு வரும் வரை என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டின பையை அவிழ்க்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சாத்திரத்திலும் இது இருக்காது. கப்பலுக்குக் காத்துக் காத்துச் சலித்துப்போன தீவு ஜனங்கள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டது. பையைப் பிரித்துத் துணியை மடித்து வைத்தால் செயிலிங் கேன்சலாகிவிடும் என்பார்கள். டாலிகஞ்சில் இருக்கும் மலையாளிக் குடும்பமும் இதைச் சொல்லும், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரும் சொல்லுவார். அன்றாடம் வேண்டிய வேட்டி சட்டையை வேறாக எடுத்துக்கொள்வார்களே தவிர, கட்டின பையைத் தொட மாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நானும் தொடவில்லை. அவருக்குக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய தேதி தள்ளிக்கொண்டே போகிறதே என்ற பயத்தில், என் கை பையின் ஜிப் பக்கமே போகவில்லை.

பை ஒன்பது நாள் அப்படியே இருந்தது. ஃப்ரிட்ஜின் பின்புறச் சூடு அடிக்கிற மூலையில். வெளியே மழை, உள்ளே புழுக்கம், பாதி நேரம் கரண்ட் இல்லை. நான் தினமும் அந்தப் பையைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனேன். ஃப்ரிட்ஜில் இருந்த பாட்டிலை முதல் நாலைந்து நாளில் நான் தோசைக்கு வைத்துத் தின்று தீர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதில் எனக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது.

பத்தாம் நாள் கப்பல் கிளம்பியது. அன்று சுட்ட சப்பாத்தியைத் தனியாக ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தேன். ஜெட்டி வரை போய் வழியனுப்பினேன். "பெரிய பைல பச்சைச் சட்னி இருக்கு, மறக்காம எடுத்துச் சாப்பிடுங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "சரி சரி, எறங்குனதும் போன் போடுறேன்" என்று மேலே ஏறிப் போனார். மதியம் மூன்று மணிக்குக் கப்பல் விலகியது. கொஞ்ச நேரத்தில் அவர் போன் எல்லைக்கு அப்பால் போய்விட்டது.

மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் முன் தோசைக்காக அலமாரிப் பாட்டிலை எடுத்தேன். மூடி நடுவில் லேசாகப் புடைத்திருந்தது. திருகினேன். புஸ் என்று ஒரு சத்தம் வந்தது. எண்ணெயில் சின்னச் சின்னக் குமிழிகள் கீழிருந்து மேலே வந்துகொண்டே இருந்தன. மோந்து பார்த்தேன். நல்ல கொத்தமல்லி வாசனை, நல்ல பூண்டு வாசனை. நிறம் கொஞ்சம் மங்கியிருந்ததே தவிர, பூஞ்சையும் இல்லை, வழுவழுப்பும் இல்லை. லேசாகப் புளித்திருக்கும் போல, சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எறிய வேண்டும் என்று தோன்றவே இல்லை. பாதியை மாடி வீட்டுச் சேச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு கிண்ணத்தோடு படியேறினேன்.

சேச்சி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மலையாளமும் இந்தியும் தமிழும் கலந்து அவருக்கென்று ஒரு பாஷை உண்டு. பாட்டிலை வாங்கியவர் குமிழிகளைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நீ இத வேக வெச்சோ?"

"இல்ல சேச்சி, பச்சை."

"புளி? நாரங்கா? வினிகர்?"

"அவருக்கு அல்சராச்சே, புளி எலுமிச்ச வினிகர் எதுவும் போடல."

"எத்தன திவசம் வெளியில இருந்து?"

"பத்து நாள் இருக்கும்."

சேச்சி மூடியை இறுக்கிப் பாட்டிலைத் தரையில் வைத்தார். மேஜையில் வைக்கவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார்.

"நீ தின்னோ?"

"இன்னும் இல்ல. எண்ணெய்ல காத்தே படலையே சேச்சி, அப்புறம் எப்படிக் கெடும்?"

"மோளே, காத்து இல்லாத்த எடம்தான் அதுக்கு வேணும்" என்றார் சேச்சி. "மண்ணுல உள்ள கிருமி. இலையில உண்டு, பூண்டுல உண்டு. சும்மா கெடக்கும். புளி இல்லாம, காத்து இல்லாம, சூட்டுல மூடி வெச்சா வெஷம் உண்டாக்கும். மணம் மாறாது, ருசி மாறாது. எல்லாப் பாட்டில்லயும் வரும்னு இல்லா. வந்தா..."

நான் சொல்லுங்கள் என்றேன்.

"ஃபர்ஸ்ட் கண்ணு. எமை தானே தாழும். ஒண்ணு ரெண்டாத் தெரியும். பின்னே தொண்டை, வெள்ளம், தண்ணி, எறங்காது. பின்னே மூச்சு. ஆள் முழிச்சுத்தான் கெடப்பான், எல்லாம் கேக்கும். வார்டுல ஒருத்தனப் பாத்திருக்கேன். ஜல்தி கொண்டு வந்தா மருந்து உண்டு. லேட்டாயா, மூச்சுக்கு மெஷின்."

இதையெல்லாம் நின்றுகொண்டேதான் கேட்டேன். பிறகுதான் சொன்னேன், "இன்னொரு பாட்டில் கப்பல்ல போகுது சேச்சி" என்று. மணி எட்டரை. கப்பல் கிளம்பிப் பதினேழரை மணி நேரம் ஆகியிருந்தது. நேற்று ராத்திரி சப்பாத்திக்கு ஒரு முறை தொட்டுக்கொண்டிருப்பார். இந்நேரம் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டாம் முறை. நானே இரண்டு தடவை சொல்லி அனுப்பினேனே, மறக்காமல் சாப்பிடுங்கள் என்று. அவர் போனுக்கு அடித்தேன். எல்லைக்கு அப்பால் என்று பதிவு செய்த பெண் குரல் நிதானமாக மூன்று மொழியில் சொன்னது.

சேச்சிக்கு முட்டி வலி, வர முடியாது. ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். சாப்பிட வேண்டாம், சாப்பிட்டவர் யாராக இருந்தாலும் கப்பல் டாக்டர் பார்க்க வேண்டும், இமை, பார்வை, விழுங்குவது மூன்றையும் கவனிக்க வேண்டும், இறங்கியதும் பெரிய ஆஸ்பத்திரி. அரைப் பக்கம் இருக்கும். அதை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் கப்பல் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே கவுன்டரில் கூட்டம். புயலுக்குப் பிறகு முதல் கப்பல் போயிருக்கிறது, அடுத்ததற்கு இடம் கேட்டு ஊரே நின்றது. முண்டியடித்து முன்னால் போய், போகிற கப்பலில் ஒரு பயணிக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்றேன். கவுன்டர்க்காரர் நிமிராமல் கேட்டார், "கோயி மர் கயா க்யா?"

யாராவது செத்துப்போனால்தான் நடுக்கடலுக்குச் செய்தி அனுப்புவார்களாம்.

"அபி தக் நஹி" என்றேன். இன்னும் இல்லை என்று.

அவர் அப்போதுதான் நிமிர்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சட்னி என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததும் எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். "சட்னி கே லியே, மேடம்?" என்று அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வகுப்பில் கத்துகிற குரலில் கத்தினேன். உள்ளே இருந்த ஒரு அதிகாரி எழுந்து வந்து என்னைத் தன் மேஜைக்குக் கூட்டிப்போனார்.

அவர் சேச்சியின் தாளை ஒரு தடவை முழுக்கப் படித்தார். கேலி செய்யவில்லை. பயணியின் விவரம் கேட்டார். "இவ்வளவு பெரிசா ரேடியோல சொல்ல முடியாது மேடம், சுருக்கிச் சொல்லிடுறோம்" என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதினார். சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார். நான் கை கூப்பினேன்.

அவர் என்ன எழுதினார் என்று வாங்கிப் படித்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளின் நோட்டை வரி வரியாகப் படிக்கிறவள் நான். அந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை. பின்னால் சிரித்தவர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. சீக்கிரம் வெளியே போனால் போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சேச்சி பாட்டிலை ஒழித்துக்கட்டியிருந்தார். பெரிய பாத்திரத்தில் போட்டு மூடி வைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டு, பிளீச்சிங் பவுடர் கொட்டி, தென்னைக்கு அப்பால் ஆளை வைத்துக் குழி வெட்டிப் புதைத்திருந்தார். "கண்ணாடியில எமையப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னார். அந்த இரண்டு நாளும் நான் கண்ணாடி முன்னால் நின்று நின்று என் இமையைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை. விரலில் பட்டதோடு சரி. ஆனால் பார்க்கப் பார்க்க என் இமை இறங்குகிற மாதிரியே இருக்கும்.

அவரை நினைத்துப் பார்ப்பேன். மேல் பங்க்கில் படுத்திருப்பார், கண் திறக்க முடியாமல். பக்கத்தில் இருப்பவர்கள் கடல் மயக்கம் என்று நினைத்து ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். தண்ணீர் கேட்பார், இறங்காது. எல்லாம் காதில் விழும். சேச்சி சொன்ன அந்த ஒன்றுதான் என்னை வதைத்தது, எல்லாம் கேட்கும் என்று சொன்னது. பேப்பர் திருத்த உட்கார்ந்தால் ஒரே விடையை நாலு முறை படித்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தால் டப்பா டப்பாவாகப் பச்சை. அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆமாம், கொத்தமல்லியைப் பார்த்துப் பயந்தேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆபீசுக்கு மறுபடி போன் செய்தேன். செய்தி போய்விட்டது, பதில் ஒன்றும் வரவில்லை என்றார்கள். பதில் வரவில்லை என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். அவர்களுக்கும் தெரியவில்லை.

நாலாம் நாள் காலை கப்பல் சென்னையில் அணைந்திருக்கும். ஏழு மணியிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒன்பதேகாலுக்கு ரிங் போனது. அவரே எடுத்தார்.

"என்னங்க, கண்ணு நல்லாத் தெரியுதா? எமை எறங்குதா? தண்ணி குடிக்க முடியுதா?"

"ஏய், என்னடி ஆச்சு உனக்கு?" என்றார். தெளிவான, எரிச்சலான, நல்ல குரல். "கப்பல்ல மானத்த வாங்கிட்டியே. ரெண்டாம் நாள் சாயந்திரம் மைக்ல பேரச் சொல்லிக் கூப்புட்டு, 'உங்க சம்சாரம் குடுத்தனுப்புன சட்னிய சாப்பிட வேணாம்னு செய்தி வந்திருக்கு'ன்னு சொல்றாங்க. சுத்தி இருக்கறவனெல்லாம் சிரிக்கிறான்."

"வேற ஒண்ணும் சொல்லலையா? டாக்டரப் பாக்கச் சொல்லல?"

"ஒண்ணும் சொல்லல. ஏன்?"

"சாப்பிட்டீங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க!"

"தொடவே இல்ல. கோவிச்சுக்காத. உன் பாட்டில் சட்னி எனக்குப் பிடிக்காது. பச்ச வாட அடிக்கும். ஆபீசுக்குக் குடுத்து விடுவியே, அதெல்லாம்கூட அங்க யாருக்காச்சும் குடுத்துருவேன். எத்தன வருஷமா."

நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்தேன். இத்தனை வருடம் என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாமியைக் கும்பிட்டேன். உட்கார்ந்து, சிரித்து, மூக்கைச் சிந்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"அப்ப அந்தப் பாட்டில் எங்க?"

"பக்கத்து பங்க்ல ஒரு அண்ணன் வந்தாரு. கொத்து வேல. ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்குப் போறாரு. வெறுஞ்சோத்தத் தின்னுட்டு இருந்தாரு, பாவமா இருந்துச்சு. மொத நாள் ராத்திரியே குடுத்துட்டேன். தெறக்கும்போது புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு, சோடா மாதிரின்னு சிரிச்சாரு. மறுநாள் மதியத்துக்குள்ள முடிச்சுட்டாரு. பாட்டிலக்கூட கழுவித் திருப்பிக் குடுத்துட்டாரு. வீட்ல சொல்லுங்க, ரொம்ப நல்லா இருந்துச்சுன்னாரு."

"மைக்ல சொன்னப்ப அவர்கிட்ட சொன்னீங்களா?"

"பாட்டில் காலியாயிருச்சு. இனிமே சொல்லி, எதுக்கு அவரப் பயமுறுத்தணும்னு விட்டுட்டேன். உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் சந்தேகமாச்சே."

"அவரு எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. தூக்கம் இல்லபோல, நேத்து ராத்திரியிலருந்து கண்ணு பாதி மூடியேதான் கெடக்கு. காலைல டீ குடிச்சாரு, மூக்கு வழியா வந்துருச்சு. எறங்கும்போது படி ரெண்டு ரெண்டாத் தெரியுதுன்னு என் கையப் பிடிச்சுகிட்டாரு. மூணு நாள் கடல்ல ஆடுனது அப்படித்தான் இருக்கும்னு சொல்லி, நான்தான் பையத் தூக்கிட்டு வந்து ஆட்டோ ஏத்தி விட்டேன்."

"எங்க போனாரு?"

"பஸ் ஏறப் போறேன்னாரு. முக்கா மணி நேரம் இருக்கும்."

"எந்த ஊரு? பேரு என்ன?"

"தெக்க எங்கயோ. பேரு கேக்கல. அண்ணேன்னுதான் கூப்பிட்டேன்."

அந்த அண்ணனைத் தேடி ஓடச் சொல்லிக் கத்தினேன். ஓடினார். தன் ஆஸ்பத்திரி நேரத்தை விட்டுவிட்டு, அந்தப் பெரிய பையோடு பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தேடினார். தெற்கே போகிற ஒவ்வொரு பஸ்ஸிலும் ஏறிக் கண் பாதி மூடிய ஒரு ஆள் இருக்கிறாரா என்று பார்த்தார். அன்று தெற்கே எத்தனை பஸ் போயிருக்கும்? நான் இங்கே மறுபடி கப்பல் ஆபீசில் போய் நின்றேன். பங்க் நம்பரை வைத்து ஒரு போன் நம்பர் எடுத்துக் கொடுத்தார்கள். அது டிக்கெட் எடுத்துக் கொடுத்த கான்ட்ராக்டர் வீட்டு நம்பர். அவருக்கும் ஊர் தெரியவில்லை. அடுத்த வாரம் அந்த நம்பரையும் யாரும் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் சின்னப் புண்தான், மாத்திரையில் ஆறிவிட்டது. நாங்கள் இருவரும் அந்தப் பாட்டிலைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த மனிதர் எங்கோ ஒரு ஊரில் இறங்கியிருப்பார். இரண்டு வருடம் கழித்து வருகிறார் என்று வீட்டில் சமைத்திருப்பார்கள். அவரால் விழுங்க முடிந்திருக்காது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால், கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே கேட்டிருப்பார்கள். அவர் கேன்டீன் சோற்றைச் சொல்லியிருப்பார், பருப்பைச் சொல்லியிருப்பார். ரொம்ப நல்லா இருந்தது என்று சொல்லியனுப்பிய சட்னியை அவர் எதற்காகச் சொல்லப் போகிறார்? எனக்கு மட்டும் அது தெரியும். அவர் கண் சொருகி பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நான் இங்கே அடுப்படியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.